முதல் சொட்டு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கறையக்கா என்றால்தான் அவளைத் தெரியும். மருந்துக் கறை, மைக் கறை, துருக் கறை, எதுவானாலும் துணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு இதற்கு இந்தப் பொடி என்று எடுத்துப் போடுவாள். இருபது வருடக் கை. ஆனால் துரு ஏன் அந்த ஒரு வெள்ளைப் பொடிக்கு மட்டும் அடங்குகிறது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்த 'ஏன்' அவள் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

நாற்பத்து மூன்று வயதில், மகளோடு சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிக்க உட்கார்ந்தாள். தேறினால் சலவைக்கூடத்துச் சோதனை அறையில் வேலை. நாற்காலி போட்டு உட்காரும் வேலை! நாள் முழுக்க நீராவியில் நின்று முட்டி இரண்டும் வீங்கிப் போனவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

"அம்மா, அங்க போய் ஏன் எதுக்குன்னு நோண்டிட்டு இருக்காத. குடுத்தத செய், எழுது, எந்திரிச்சு வா" என்று மகள் தினமும் மந்திரம் ஓதினாள்.

செய்முறை வகுப்பில்தான் வினை வந்தது. சூடான ஆக்சாலிக் அமிலக் கரைசலில் ஊதா நிறப் பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் நிலைக்கும்வரை எவ்வளவு செலவானது என்று அளக்க வேண்டும். அட, அந்த ஆக்சாலிக் அமிலம் அவளுடைய துருப்பொடியேதான்! முதல் சொட்டு நிறம் மாறாமல் அடம்பிடித்து நின்றது. அதற்கப்புறம் விழுந்ததெல்லாம் விழுந்த வேகத்தில் மறைந்தது.

"முதல் சொட்டுக்கு மட்டும் என்ன கேடு சார்?"

"அதெல்லாம் பாடத்துல இல்லம்மா" என்றார் ஆசிரியர்.

தேர்விலும் அதே சோதனை. முதல் இரண்டு அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. மூன்றாவது ஒத்துவந்தால்தான் மதிப்பெண். அமிலமோ இன்னும் ஒரு முறைக்குத்தான் இருந்தது. அதைச் சூடாக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. முதல் சொட்டில் உண்டாகிற ஏதோ ஒன்றுதான் அடுத்த சொட்டை விரட்டுகிறதோ? இரண்டாவது அளவை முடித்து வைத்த குடுவை பக்கத்திலேயே இருந்தது. கை துறுதுறுத்தது. கலந்தால் மூன்றாவது அளவு கெட்டுப்போகும் என்று தெரிந்தும், வருவது வரட்டும் என்று அதிலிருந்து கொஞ்சம் இதில் ஊற்றி, ஒரு சொட்டு விட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் ஊதாவைக் காணோம்!

"ஐயோ!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

தேர்வாளர் ஓடிவந்தார். "என்னம்மா, கொட்டிட்டீங்களா?"

"இல்ல சார், கண்டுபுடிச்சுட்டேன்."

அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவரும் குனிந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். "அடடே!" என்றார். பிறகு அவளுடைய தாளைப் பார்த்தார். "மூணாவது அளவு எங்கம்மா?"

"அது இதுலயே போயிடுச்சு சார்."

மூன்று மதிப்பெண்ணில் தேர்வு போயிற்று. முடிவைப் பார்த்த அன்று மகள் தாம்தூம் என்று குதித்தாள். "ஒரு சொட்டுக்காக ஒரு வருஷத்தையே விட்டுட்டு வந்திருக்கியேம்மா! உனக்கு வருத்தமே இல்லையா?"

கறையக்கா முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லாம இருக்குமா? நிக்கும்போதெல்லாம் இருக்கும். ஆனா அதப் பாக்காம பாஸாகி இருந்தேன்னு வை, நாற்காலியில உக்காந்தும் எனக்கு இருப்புக்கொள்ளாதுடி."