நான் கழற்றி வைத்த கண்ணாடி

சாம்பல்தீவில் பயிருக்குள் பன்றி இறங்கியதால், என் கணவர் சுடுவதற்கு உரிமம் எடுத்து முதல் துவக்கு வாங்கினார். துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் கண்ணாடிகளைக் கடைக்காரர் பரப்பி வைத்தார்.

"நீர் பார்த்துச் சொல்லுமப்பா, எனக்குப் பன்றியும் மாடும் ஒண்டாத்தான் தெரியுது" என்று இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். வெட்கத்தோடு ஒன்றைக் காட்டினேன்.

சண்டை தொடங்கியதும் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் தெரிந்தெடுத்தது என்ற ஆசையில், இவருக்குத் தெரியாமல் கண்ணாடியை மட்டும் கழற்றி அலுமாரிக்குள் ஒளித்தேன்.

வீட்டுச் சோதனைக்கு வந்த படையினர் அதைக் கண்டெடுத்தார்கள்.

"கண்ணாடி இஞ்ச. துவக்கு எங்க?"

"ஒப்படைச்சிட்டன் ஐயா, எழுதித் தந்த துண்டும் இருக்கு."

"அப்ப இது ரெண்டாவது துவக்குக்கோ?"

இவர் என்னைப் பார்த்தார். ஒளித்தது நான்தான் என்று விளங்கிவிட்டது அவருக்கு. "ஓம், நான்தான் வைச்சனான்" என்றார்.  இவரை வாகனத்தில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

வைத்தது நான்தான் என்று சொல்லியிருந்தாலும் அவரை விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன். இருக்கலாம். ஆனால் நான் சொல்லவில்லையே.