லத்தீப் நானாவின் இடது பாதம்

புத்தளத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில் வேலை செய்யும் தவமலருக்குக் காயத்தை அவசரமாகப் பார்க்கத் தெரியாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட தாய் தகப்பனின் கடைசி மகள். கட்டை அவிழ்த்ததும் தொடமாட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருப்பாள். வெளியே வரிசை நீண்டுவிடும். அதற்காக அவளோடு கோபித்தவர்களும் உண்டு.

போன வருடம் அவளிடம், ஊரார் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் லத்தீப் வந்தார். உப்பளத்தில் ட்ரக்டர் ஓட்டுபவர்; பத்து வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. இடது பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் ஐந்து மாதமாக ஆறாத புண். மருந்தும் கட்டும் தவறவில்லை. விரலை எடுக்கவேண்டி வரலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனுசன் வீட்டில் பகிடி விட்டுச் சிரிப்பதையே நிறுத்திவிட்டார் என்று கூட வந்த மனைவி ஷஃபீனா சொன்னார்.

தவமலர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூலால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டாள். உணர்ந்தால் ‘ஓம்’ சொல்லவேண்டும். ஆறு தரம்தான் சொன்னார்; மற்ற இடங்கள் மரத்திருந்தன. நாடி நன்றாகத் துடித்தது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. மெல்லிய குச்சியால் ஆழம் பார்த்தபோது எலும்பு தட்டவில்லை. ஆறக்கூடிய புண்தான். பிறகு ஏன் ஆறவில்லை?

புண்ணின் மேல் கண்ணாடித் தாளை வைத்து ஓரத்தைப் பேனையால் வரைந்தாள். நடப்பதால் வருகிற புண் அநேகமாக வட்டமாக இருக்கும். இதன் ஒரு பக்கம் கோடு பிடித்ததுபோல நேராக இருந்தது. அதிகம் நடக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை, டொக்டர் சொன்னபடி உட்கார்ந்த வேலை மட்டும்தான் என்றார் லத்தீப். இப்போதுகூட ட்ரக்டரில்தான் வந்தாராம், வாசலில் நிற்கிறதாம்.

தவமலர் தாளோடு எழுந்து வாசலுக்குப் போனாள். கிளச் மிதியில் றப்பர் எப்போதோ கழன்றிருந்தது. வெறும் இரும்பு. அதன் விளிம்பில் தாளை வைத்தாள். கோடு அப்படியே பொருந்தியது.

“நானா, நீங்க நடக்கேல்லத்தான். ஒரு நாளைக்கு எத்தினை தரம் இதை மிதிக்கிறீங்க?”

“எண்ணினதில்ல மிஸ். நோவு தெரிஞ்சாத்தானே காலை மிதியிலருந்து எடுக்கிற” என்றார், நொண்டிக்கொண்டு பின்னால் வந்த லத்தீப்.

அடுத்த நாளே ட்ரக்டர் மைத்துனர் ஜபாரின் கைக்குப் போனது. புண்ணில் பாரம் விழாதபடி தடித்த கம்பளித் துணியில் துளை வெட்டிச் செருப்புக்குள் வைத்துக் கொடுத்தாள் தவமலர். வாராவாரம், கிழமைக்கொரு தாள் வரைந்தாள். முதல் இரண்டும் ஒரே அளவு. அவளுக்கே உள்ளுக்குள் பயம் தட்டியது. மூன்றாவது சுருங்கியது. அதன்பின் லத்தீப் கதிரையில் உட்காரும்போதே, இன்றைக்குப் பட்டாணி அளவு, இன்றைக்கு மல்லி அளவு என்று பந்தயம் கட்டத் தொடங்கினார். ஷஃபீனா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைப்பார்.

பத்தாவது கிழமை வரைய ஒன்றுமில்லை. ஆனாலும் தவமலர் வழக்கம்போலக் கனநேரம் பார்த்தாள். புதுத் தோலைச் சுற்றி மெல்லத் தடவினாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

“மூடிட்டுது நானா.”

லத்தீப் “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடினார். ஷஃபீனா பையிலிருந்து ஒரு பெரிய ஏதனம் நிறையக் கருப்பட்டி இனிப்பு வட்டிலப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். தவமலர் அதையும் லத்தீப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எனக்கில்ல மிஸ். நீங்கெல்லாம் சாப்பிடுங்க, நான் பாத்துக்கிட்டு இரிக்கிறன்” என்றார் அவர்.

வரிசையில் இருந்தவர்களுக்கும் ஒவ்வொரு துண்டு கிடைத்தது.