டீச்சர் மாஸ்க்கை இறக்கிக் கேட்ட கேள்வி

“...சோம்பேறித்தனம் டீச்சர், வேற ஒண்ணுமில்ல. காதெல்லாம் அவளுக்குப் பாம்புக் காது,” என்று அம்மா அடித்துச் சொன்னாள்.

அக்காவுக்குக் காது மந்தம் என்பது வீட்டில் எங்களுக்கு மட்டும் தெரியும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வேறு யாருக்கும் தெரியாது, தெரியவிடவில்லை. “செவிடின்னு பேரு விழுந்தா எவன்டி பொண்ணு கேட்டு வாசப்படி மிதிப்பான்?” என்பாள் அம்மா.

அக்கா கெட்டிக்காரி. எதிரே நிற்பவர் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவாள். ஒன்பதாம் ஆண்டு வரைக்கும் அப்படியே ஓட்டிவிட்டாள். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்தபோதுதான் எல்லா வாயும் துணிக்குள் போய்விட்டது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டும் ஒன்பதும் ஒரே அறை. எட்டாம் ஆண்டில் இருந்த நான் தினமும் பார்ப்பேன். டீச்சர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதுவார்கள். அக்கா வெறும் பேனாவை ஆட்டிக்கொண்டிருப்பாள். “அடியே மரமண்ட!” என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்துவார்கள். அதுவும் அவளுக்குக் கேட்காது.

டீச்சர் கல்நெஞ்சக்காரி இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவை ஆளனுப்பிக் கூப்பிட்டு, “காது கேக்கலன்னா சொல்லுங்கம்மா. முன்வரிசை வாங்குல இருத்தி, தள்ளி நின்னு மாஸ்க்க இறக்கிப் படிச்சுக் குடுக்குறேன். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் காது மெஷினுக்கும் கேட்டுப் பாப்போம்,” என்றார். அதற்குத்தான் அம்மா, சோம்பேறித்தனம் என்று சொன்னாள்.

டீச்சர் நம்பவில்லை. தெளிவாகக் கேட்கட்டுமே என்று மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

“புள்ள, நான் பேசுறது கேக்குதா?”

“நல்லாக் கேக்குது டீச்சர்.”

“அப்ப ஏன் எழுதுறதில்ல?”

“இனிமே எழுதுறேன் டீச்சர்.”

ஒரு சொல் பிசகவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. டீச்சர் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு, “அப்ப இது திமிருதான். பின் வாங்குக்குப் போ,” என்றார். அக்கா சிரித்த முகத்தோடு அங்கேயே நின்றாள்.

“பாத்தீங்களா, சிரிக்கிறத!” என்றார் டீச்சர் அம்மாவிடம்.

அந்தப் பள்ளித் தவணையோடு அக்காவின் படிப்பு நின்றது. அன்றைக்கு நானோ, அக்கா பெரிய சோதனையில் பாஸாகிவிட்டாள் என்று பூரித்துப்போய் இருந்தேன். அம்மா மட்டும் ஏன் சந்தோஷப்படவில்லை என்று விளங்கவில்லை.

பள்ளிக்கூட வாசல்வரை எங்களைக் கூட்டிவந்த அம்மா, தன் மாஸ்க்கை இறக்கி அக்காவுக்கு நேரே முகத்தைக் காட்டினாள். அக்கா அவள் வாயையே பார்த்துக் காத்திருந்தாள். அம்மா திரும்ப மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு மலைக்கு நடந்தாள்.