அக்கா அணைக்க விடாத கரியடுப்பு

நாகலாபுரத்தில் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, சென்ற ஆண்டு கர்த்தரிடம் போய்ச் சேர்ந்த எங்கள் அக்காவைப் பற்றி எழுதும் வேலை என்னிடம் வந்தது. வீட்டில் பொறுப்பானவர்கள் யாருக்கும் நேரமில்லையாம்.

அத்தான் மறைந்ததும் கறிக்கோழிக் கடையை அக்காவே நடத்தினார்கள். பொம்பளை கத்தி எடுப்பதா என்று உறவினர்களே, உங்களில் சிலர் முகம் சுளித்தீர்கள். இந்த நினைவு மலர் உங்கள் கைக்கும் வந்திருக்கும். படியுங்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்குச் சபைப் பிள்ளைகள் பார்பிக்யூ என்று கோழி சுட்டார்கள். சீமைக்கருவேலங்கரி தணலாகும் முன்பே, தீ எரிய எரியக் கறியை வைத்துவிட்டார்கள். வெளியே கரி, எலும்போரம் ரத்தம். பச்சைக்கறி ஊறிய அண்டாவிலேயே சுட்டதையும் போட்டுப் பரிமாறினார்கள். மறுநாள் பாதிச் சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பிள்ளைகள் இனி அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றார் சபை மூப்பர்.

அக்கா கூட்டத்திலேயே எழுந்தார்கள்.

"அண்ணாச்சி, தடுத்தா பிள்ளைக சுடாமலா இருப்பாவ? கம்மாக்கரையில ஒளிஞ்சு சுடுவாவ. எங்கிட்ட விடுங்க, நான் சொல்லிக் குடுக்கேன்."

"மறுபடி யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?"

"என் கடைய நானே பூட்டிருதேன்."

கடைக்குப் பின்னால் பாடம் தொடங்கியது. தணல் வெள்ளை பூக்கும்வரை காத்திருக்க வைத்தார்கள். பச்சைக்கறிக்கு ஓர் இடுக்கி, வெந்ததற்கு வேறு இடுக்கி, வேறு தட்டு. சோப்புப் போட்டுக் கை கழுவாதவருக்கு அடுப்பருகே இடமில்லை. தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானியைக் குத்தி, எழுபத்தைந்து டிகிரி காட்டினால்தான் இறக்கலாம்.

"செத்த கோழிக்குக் காய்ச்சல் பாக்கியளாக்கா?" என்றேன்.

"ஆமாலே. தின்னுட்டு உனக்கு வரக்கூடாதுல்லா."

ஈஸ்டர் அன்று பிள்ளைகளே சுட்டார்கள். மூப்பர் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, தட்டை மறுபடி நீட்டினார். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை. மறுநாள் கடை வழக்கம்போல் திறந்தது.

ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், பார்க்க வந்த பிள்ளைகளிடம் "கை கழுவுனியளா?" என்றுதான் அக்கா கேட்டார்கள்.

அக்காவைக் கவனித்த மருத்துவர், செவிலியர், கழுகுமலையிலிருந்து ரத்தம் கொடுக்க ஓடிவந்த தம்பிகள், ஜெபித்த சபையார் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவுநாள் விருந்துக்குச் சாம்பார் போதும், பிள்ளைகள் கையில் நெருப்பு வேண்டாம் என்று பெரியவர்கள் சிலர் சொல்லியனுப்பினீர்கள். சாம்பாரும் உண்டு. கோழியைப் பிள்ளைகள்தான் சுடுவார்கள். பசித்தாலும் அவசரப்படுத்தாதீர்கள். ஒத்திகை பார்த்த அன்று ஒரு துண்டு கேட்டேன். "இன்னும் வேகல மாமா, அங்கன போய் உக்காருங்க" என்றார்கள். அக்காவின் சொந்தத் தம்பி என்றும் சொல்லிப் பார்த்தேன். தரவில்லை.