ஸ்கேலுக்கு அடியில் இருந்த வரி

அறுபதுகளின் தொடக்கம். நான் கடல் கடந்து படிக்கப் போன பல்கலைக்கழகத்தின் அலுவலகத்தில் இருந்த அந்தக் குமாஸ்தாவின் நெற்றியில் விபூதியும் கையில் அகலமான மர ஸ்கேலும் எப்போதும் இருக்கும். சேர்க்கையோ பட்டமோ, எந்த விதியானாலும் அந்த வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்துத்தான் படிப்பார்.

விலங்கியலில் டாக்டர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த சில மாதங்களில், நாகப்பட்டினத்தில் அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. போய்வரலாமா என்று அவரிடம் கேட்டேன்.

ஸ்கேலை வைத்து, அந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வோடு சொன்னார். "ரெண்டு வருஷம் இங்கயே இருக்கணும்னு போட்டிருக்கு தம்பி. கப்பல் ஏறினா மறுபடி முதல்லேருந்து எண்ணணும் லா."

நான் போகவில்லை. அம்மா இறந்த தந்தி வந்தபோது ஆய்வுக்கூடத்தில் நத்தைகளை அளந்துகொண்டிருந்தேன். மீதியையும் அளந்து முடித்தேன்.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் போன அன்று, எத்தனை பிரதி என்று பார்க்க அதே பக்கத்தைத் திறந்து ஸ்கேலைக் கீழே இழுத்தார். முன்பு அது மறைத்திருந்த வரி தெரிந்தது. பெற்றோரின் நோய்க்கும் மரணத்துக்கும் விலக்கு உண்டு.

நான் படித்தேன். அவரும் படித்தார். பிறகு ஸ்கேலை மெல்ல மேலே நகர்த்தி அந்த வரியை மூடினார்.

"மூணு காப்பியும் சரியா இருக்கு. கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்றும் சொன்னேன்.