நூற்றுப் பத்தேகால் அங்குலம்

ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் சாதனங்கள் ஆறு. ஆறிலும் இறங்குகிறவர்கள் உண்டு; மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு. நம் ஆள் இருபத்து நான்கு வருடம் ஒன்றே ஒன்றில்தான் இறங்கினார். திறமை போதவில்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். அவருடைய அம்மாவிடம் ஒரு இஞ்சு டேப் இருந்தது.

டேப் வீட்டுச் சொத்து. அப்பா தையல்காரர். வாசல்பக்க அறையில் மெஷின், நடு அறையில் துணி வெட்டும் மேசை, மிச்சமிருந்த இடத்தில் குடும்பம். அம்மா காஜா எடுப்பார், பட்டன் வைப்பார், அப்பா அளந்ததை இன்னொரு தரம் அளந்து பார்ப்பார். இந்தக் கடைசி வேலைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை.

ஏழு வயதில் மகன் அந்த மேசையின் மேல் கைகளால் நடந்துகொண்டிருந்தபோது, பேண்ட் நீளத்தைக் குறைக்க வந்த ஒருவர் பார்த்துவிட்டார். பக்கத்துத் தெரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தின் கோச் அவர். பேண்டை மறந்துவிட்டு, "இவனை எங்கிட்ட விடுங்க" என்றார்.

"வந்து பாத்துட்டு சொல்றேன்" என்றார் அம்மா.

மறுநாள் வந்தார். பார்ப்பதோடு நிறுத்தவில்லை.

முதலில், கூரையிலிருந்து தொங்கிய இரண்டு வளையங்கள். எட்டாததால் டேப்பின் ஒரு நுனியைக் கோச்சின் கையில் கொடுத்து ஏணியில் ஏற்றினார். நூற்றுப் பத்து அங்குலம். அடுத்து உயரக்கம்பி, அதுவும் நூற்றுப் பத்து. ஏணியை நகர்த்தி ஜோடிக்கம்பி, எழுபத்தொன்பது. கோச் இறங்கி மூச்சு வாங்கியதும் நிபந்தனைகளைச் சொன்னார்.

"ரெண்டே விஷயம். இவன் கை பிடிச்சிருக்கிற இடம் என் தலைக்கு மேல போகக் கூடாது."

"இதுல உங்க தலை எங்கம்மா வந்துச்சு?"

"என் தலைக்கு மேல இருந்து விழுந்தா நான் எப்படிப் பிடிப்பேன்? ரெண்டாவது, ரெண்டு கையையும் ஒரே நேரத்துல விடக் கூடாது. ஒரு கையாவது எதையாவது பிடிச்சிருக்கணும்."

"அம்மா, இது ஜிம்னாஸ்டிக்ஸ்."

"அது தெரிஞ்சுதான் டேப் எடுத்துட்டு வந்தேன்."

அம்மாவின் உயரம் அறுபத்தொரு அங்குலம். அதில் ஒன்று செருப்புக்குச் சேர வேண்டியது என்பது அப்பாவின் கருத்து. அவர் அதைக் கருத்தாகவே வைத்துக்கொண்டார்.

ஆறில் மூன்று போயிற்று. தாண்டும் மேசை ஐம்பத்து மூன்றுதான் என்பதால் கோச்சுக்கு நம்பிக்கை பிறந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பையன் ஓடிவந்து, மேசையில் கையை ஊன்றி எழும்பி, இரண்டு கையையும் காற்றில் விட்டுச் சுழன்றான். நான்கு. தரையில் செய்யும் பயிற்சிக்கு உயரமே கிடையாதே என்று கோச் வாதாடினார். டேப்பை எங்கே வைப்பது என்று அம்மாவே கொஞ்சம் திகைத்தார். இன்னொரு பையன் தரையில் இரட்டைக் குட்டிக்கரணம் போட்டு வழக்கை முடித்துவைத்தான். ஐந்து.

ஆறாவது மூலையில் நின்றது. கால்மேல் நிறுத்திய தோல் திண்டு போல ஒரு நீள உருவம், முதுகில் இரண்டு கைப்பிடி. கூடத்தில் அதற்குக் குதிரை என்று பெயர். நாற்பத்தைந்து அங்குலம். அதன்மேல் ஒருவன் கைகளை ஊன்றிக் கால்களைச் சேர்த்து வட்டமடித்தான். ஒரு கை எழுந்தால் மறு கை ஊன்றியிருந்தது. அது எழுந்தால் இது. அம்மா ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். அதற்குள் அவன் மூன்று முறை கீழே வந்துவிட்டான்.

"விழுறானே?"

"இதுல எல்லாரும் விழுவாங்கம்மா. இருக்கிறதுலயே கஷ்டமானது. பசங்களுக்கு இதைக் கண்டாலே ஆகாது."

"எவ்வளவு உயரத்துல இருந்து விழுறான்?"

"நீங்கதானே அளந்தீங்க!"

"அப்ப இது போதும்" என்று டேப்பைச் சுருட்டினார் அம்மா. ஒரு வீரனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க நாடு முழுக்கத் தேர்வுக்குழுக்கள் உட்கார்ந்து காபி குடிக்கின்றன. இங்கே கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

முடிவு தப்பாகவும் போகவில்லை. ஆறு சாதனங்களுக்கும் நேரத்தைப் பங்கு போட்ட மற்றவர்கள் குதிரைக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், அதுவும் முனகிக்கொண்டே. இவருக்குக் குதிரையை விட்டால் போக்கிடம் இல்லை. முதல் போட்டியில் இருபத்து நான்கு பேரில் இருபத்து மூன்றாம் இடம்; இருபத்து நான்காம் ஆள் காய்ச்சலில் வரவே இல்லை. பதினாறு வயதில் ஏழாம் இடம். பத்தொன்பதில் தேசிய அளவில் மூன்றாவது. இருபத்து இரண்டில் முதலாவது. அந்தத் தங்கப் பதக்கம் தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. வந்தவர்கள் எல்லாம், "குதிரைப் பந்தயமா?" என்று கேட்டுவிட்டு அளவு கொடுத்தார்கள்.

போட்டிக்கென்று பாதத்தின் கீழே பட்டை வைத்த வெள்ளைப் பேண்டை அப்பாதான் தைப்பார். அவர் போட்டியில் பார்ப்பதும் அதைத்தான். "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டால், "தையல் எங்கயும் விடல" என்பார். அம்மா அப்படியில்லை. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார். மகனின் கால் லேசாக மடங்கினாலும், "முட்டி!" என்று ஒரு குரல் அரங்கத்தைக் கிழிக்கும். நடுவர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு சத்தம் கேட்ட இடத்தில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். வேறு ஊர்க் கோச் ஒருவர், "அந்தம்மாவை வீட்டுல விட்டுட்டு வந்தா உன் பையனுக்கு அரை மார்க் கூடுதலா வரும்" என்று நம் கோச்சிடம் சொன்னதாகக் கேள்வி.

இதற்கிடையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தது. மின்வாரியத்தில் லைன்மேன். தினமும் முப்பதடிக் கம்பத்தில் ஏற வேண்டும்.

"அதுக்கு மட்டும் எப்படிம்மா சம்மதிச்சே?" என்று மகன் கேட்டார்.

"அங்க பெல்ட் போடுறாங்க. அதுவுமில்லாம அது வேலை. வேலைன்னா ஏறித்தானே ஆகணும்?"

அரசாங்கச் சம்பளத்துக்கு முன்னால் அங்குலக் கணக்கு செல்லாது போலிருக்கிறது.

லைன்மேனுக்கு உயரம் பழகியது. பழகினால் சும்மா இருக்குமா கை? அம்மா பயிற்சிக்கு வருவதை நிறுத்திய பிறகு, இருபதாவது வயதில் ஒருநாள் உயரக்கம்பியைத் தொட்டுப் பார்த்தார். கம்பியைச் சுற்றி முழுவட்டமாக ஒருமுறை சுழன்றபோது, இந்த வாழ்க்கையில் யாரும் தன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒரு நல்ல செய்தி காதில் விழுந்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து குதிரைப் பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் கம்பி. போட்டிக்கு இல்லை, பெயருக்கு இல்லை, சும்மா. இரண்டு கையையும் விட்டுக் காற்றில் மிதந்து மறுபடி பிடிக்கும் வித்தையும் வந்துவிட்டது. கோச் பார்ப்பார், தலையில் அடித்துக்கொள்வார், சாவியை எடுத்துக்கொண்டு கதவருகே காத்திருப்பார். பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

இதைக் கண்டுபிடித்தவர் அப்பா. ஒருநாள் பயிற்சிக்குப் போடும் பேண்டை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டார்.

"குதிரைன்னா தொடை உள்பக்கம் தேயும். இது இடுப்பெலும்பு மேல குறுக்கால கோடு போட்ட மாதிரி தேஞ்சிருக்கு. எந்தக் குதிரைப்பா இது?"

மகன் தரையைப் பார்த்தார்.

"சரி விடு. உள்ள ஒரு துணி வெச்சுத் தெச்சுடுறேன். துவைக்கும்போது அம்மா கண்ணுல படாது."

அதற்குமேல் அப்பா எதுவும் கேட்கவில்லை. ஒட்டு மட்டும் வருடத்துக்கு இரண்டு முறை மாறியது.

முப்பத்தொன்றாம் வயதில் லைன்மேன் கடைசிப் போட்டியை அறிவித்தார். தோள்பட்டை மழைக்காலத்தை முன்கூட்டியே சொல்லத் தொடங்கியிருந்தது. நான்கு வயது மகள் வேறு, "அப்பா, இன்னிக்கும் சுத்தப் போறியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். நகரங்களுக்கு இடையிலான குழுப் போட்டி. குழுவில் ஐந்து பேர். ஒவ்வொரு சாதனத்திலும் மூவர் இறங்க வேண்டும். மூவரின் மதிப்பெண்ணும் சேரும். ஒருவர் இறங்காவிட்டால் அங்கே பூஜ்யம். இந்த நகரம் இதுவரை குழுவாக ஒரு பதக்கமும் கண்டதில்லை. இந்தமுறை குதிரையில் லைன்மேன் பிரமாதமாகச் சுழன்றார், இரண்டாம் வரிசையிலிருந்து 'முட்டி' வரவே இல்லை. ஐந்து சாதனம் முடிந்தபோது நகரம் மூன்றாம் இடத்தில் இருந்தது.

மிச்சம் உயரக்கம்பி. அதில் இறங்க வேண்டிய மூவரில் ஒருவன் 'ஸ்பிரிங்'. பெயருக்கேற்ற பையன். ஐந்தாவது சாதனமான ஜோடிக்கம்பியிலிருந்து குதித்தபோது கணுக்காலைத் திருகிக்கொண்டான். ஐஸ் பையோடு பெஞ்சில் கிடந்தான்.

"அண்ணே, நீங்க ஏறுங்க" என்றான்.

"விளையாடுறியா?"

"நீங்கதான் விளையாடணும். எனக்குத் தெரியாதாண்ணே? அஞ்சு வருஷமா திரைக்குப் பின்னால நின்னு பாத்து உங்க பிடியைத்தான் நான் காப்பியடிக்கிறேன்."

கோச் லைன்மேனின் பையின் அடியிலிருந்து, கம்பிக்கென்று போடும் தோல் கைப்பட்டைகளை எடுத்து நீட்டினார். லைன்மேன் வாங்கவில்லை. திரும்பி நடந்தார். நிறைந்த அரங்கத்தில், முப்பத்தொரு வயதுத் தேசிய சாம்பியன், ஒரு குழந்தைக்குத் தகப்பன், பார்வையாளர் தடுப்புக்குப் போய் அண்ணாந்து நின்றார்.

"அம்மா."

"என்னடா, தண்ணி வேணுமா?"

"கம்பியில ஏறணும்மா. ஆள் இல்ல. ஏறலன்னா பதக்கம் போயிடும்."

அம்மா கம்பியைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். "அது எவ்வளவு உயரம்னு ஞாபகம் இருக்கா?"

"நூத்திப் பத்து இஞ்சு."

"நூத்திப் பத்தேகால்" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அம்மாவின் தலை மெதுவாக அவர் பக்கம் திரும்பியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு... ஒரு தரம் அந்தப் பக்கமாப் போனேன். டேப் கழுத்துல இருந்துச்சு."

"வீட்டுக்கு வாங்க" என்று அம்மா அந்த விசாரணையை ஒத்திவைத்துவிட்டு மகனிடம் திரும்பினார். "கையை விடுவியா?"

"ரெண்டு தரம்."

"பிடிச்சுடுவியா?"

"பத்துக்கு ஒம்போது தரம் பிடிச்சுடுவேன்."

"அந்த மிச்சம் ஒண்ணு?"

அம்மாவுக்குப் பக்கத்திலிருந்த லைன்மேனின் மனைவி, "கீழ மெத்தை இருக்கு அத்தை, இத்தனை தடிமன்" என்று கையால் காட்டினார். அம்மா அந்தக் கையையும் மனதுக்குள் அளந்தார்.

நடுவர் மேசையில் நேரம் ஓடியது. கோச் அவசரமாக ஓடிப்போய், கம்பியில் முன்னால் இறங்கிய தன் பையனின் மதிப்பெண்ணில் தனக்குப் பெரிய சந்தேகம் இருப்பதாக எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. விடை வர மூன்று நிமிடமாகும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அம்மா எழுந்தார். கைப்பையை மருமகளிடம் கொடுத்தார். "இரு" என்றார் மகனிடம்.

பிறகு படியேற ஆரம்பித்தார்.

முட்டிவலிக்காரர். மூன்றாம் வரிசையில் ஒருமுறை நின்று திரும்பிக் கம்பியைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு மேலே போனார். ஐந்தாம் வரிசை, மறுபடி ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தார். இன்னும் மேலே. அதற்குள் அரங்கத்தில் பாதிப்பேர் கம்பியை விட்டுவிட்டு இவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். "உக்கார வரலப்பா" என்று அவரைத் தாண்டினார். அப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது.

"ஏழாவது வரிசையிலயே கம்பி உன் தலைக்குக் கீழ வந்துடுச்சு. போதும், நில்லு!" என்று கீழேயிருந்து கத்தினார்.

"அவன் பறக்கிறதையும் சேத்துத்தான் ஏறுறேன்!" என்று மேலேயிருந்து பதில் வந்தது.

மருமகள் பின்னாலேயே ஓடினார். "அத்தை, அங்க இருந்து எப்படிப் பிடிப்பீங்க?"

"நான் எங்கடி பிடிக்கிறது? பிடிக்க வேண்டியது அவன்."

பதினான்காம் வரிசை, கடைசி. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மூச்சை அடக்கி, கம்பியைக் குனிந்து பார்த்தார். ஆம், குனிந்து. பிறகு மகனைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"இப்ப ஏறு!"

கோச்சின் சந்தேகம் நிராகரிக்கப்பட்டது. பச்சை விளக்கு எரிந்தது. கோச் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட, லைன்மேன் கம்பியைப் பற்றினார்.

முதல் வட்டத்திலேயே தெரிந்தது, இது சும்மா சுழன்ற பதினோரு வருடக் கை. இரண்டாவது வட்டம், மூன்றாவது. நான்காவதில் இரண்டு கையையும் விட்டார். உடல் கம்பிக்கு மேலே எழுந்து, ஒரு கணம் எங்கும் போகாமல் நின்றது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பிடி!"

பிடித்தார்.

இரண்டாம் முறை விட்டபோது அரங்கமே சேர்ந்து, "பிடி!" என்றது. அப்போதும் பிடித்தார், கொஞ்சம் நெருக்கமாக, கொஞ்சம் கோணலாக. கடைசியில் இரண்டு சுற்றுச் சுற்றி மெத்தையில் இறங்கி, ஒரே ஒரு அடி முன்னால் வைத்து நின்றார். வெள்ளைப் பொடி அவரைச் சுற்றிப் புகைபோல எழுந்தது. அதற்குள்ளிருந்து முதலில் வெளியே தெரிந்தது சிரிப்புதான். ஒற்றைக்காலில் நொண்டியபடி வந்த ஸ்பிரிங் அவர்மேல் விழுந்தான். கோச் பச்சை விளக்கு நின்ற கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

மூன்றாம் இடத்துக்குத் தேவைப்பட்டதைவிட, ஒரு மதிப்பெண்ணில் இருபதில் ஒரு பங்கு அதிகம் வந்தது. நகரத்துக்கு முதல் குழுப் பதக்கம். வெண்கலம். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகும் லைன்மேன் தடுப்பருகே காத்து நிற்க வேண்டியிருந்தது; அம்மா இன்னும் ஒன்பதாம் வரிசையைத்தான் தாண்டிக்கொண்டிருந்தார். இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம் என்று போகிற வழியிலெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

"ரெண்டாவது தரம் விட்டப்ப முட்டி மடங்கிச்சு" என்றார், வந்து சேர்ந்ததும்.

"பாத்தியாம்மா?"

"பாக்காம? பின்ன எதுக்கு அவ்வளவு தூரம் ஏறினேன்?" பதக்கத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அப்படியே மகனின் உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். கம்பி அறுத்த பழைய தழும்புகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார்; எண்ணினாரோ என்னவோ.

பேத்தி அவர் புடவையை இழுத்தாள். "பாட்டி, நானும் அதுல ஏறட்டா?"

அம்மா அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, கம்பியையும் கடைசி வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏறலாம். முதல்ல என் முட்டிக்கு வைத்தியம் பாக்கணும்" என்றார். பிறகு, சத்தமில்லாமல் வாசல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்த அப்பாவின் முதுகைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"நூத்திப் பத்தேகாலா? நில்லுங்க, பேசணும்!"