வேரோட வந்த பூ

மந்தவெளில என் பக்கத்து ரூம்ல ஒரு சார் இருந்தாரு. மலைக்காட்டுல அபூர்வமான பூச்செடி தேடிகினு திரியிறதுதான் அவரு வேல. காலெல்லாம் அட்ட கடிச்ச தழும்பு. கொண்டாந்த செடிங்கள பேப்பருக்கு நடுவுல வெச்சு, ஈரம் போக தெனம் பேப்பர் மாத்துவாரு.

“இன்னா சார், புல்லுக்குப் பாய் மாத்திகினு கீறீங்க?”ன்னு சீண்டுவேன். சிரிப்பாரு.

ஒருவாட்டி சிரிக்கல. பேப்பர் கட்டப் பிரிச்சு, ஒரே ஒரு செடிய எடுத்துக் காட்டினாரு.

“அம்பது வருசமா யாரும் பாக்காத பூ, தம்பி. பாத்த சந்தோசத்துல வேரோட புடுங்கிட்டேன். அப்புறம் மூணு நாள் தேடினேன். இன்னொண்ணு கெடைக்கல.”

“அப்ப இதான் கடைசியா சார்?”

“அதான் பயமா இருக்கு.”

மறு மழைக்கே அந்த மலைக்குத் திரும்பிப் போனாரு. அவரு வர்றதுக்குள்ள நான் ரூம காலி பண்ணிட்டேன்; கெடைச்சுதா இல்லியா, எனக்குத் தெரியாது. இப்பல்லாம் ரோட்டோரப் பூவப் பறிக்கப் போனாக்கூட, பக்கத்துல இன்னொண்ணு கீதான்னு பாத்துட்டுதான் கை வெக்கிறேன்.